திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக முதல் சொகுசுக் கப்பல் பயணம்: கையைக் கடிக்காமல் போய்வரும் வழி

ஒருவருக்கு 420 சிங்கப்பூர் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று விளம்பரத்தில் கண்ட கட்டணத்தை நம்பித்தான் நான் பணம் கட்டத் தொடங்கினேன். துறைமுக வரியும் டிப்ஸ் கட்டணமும் சேர்ந்த பின் அது 592 வெள்ளியில் போய் நின்றது. அதன் பிறகு பெயர்த் திருத்தம், தொலைபேசிக் கட்டணம், பறிபோன மின்கெட்டில் என்று சிறு சிறு அடிகளாக விழுந்தன. சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கு சென்று, மூன்று இரவுக்குப் பின் சிங்கப்பூருக்கே திரும்பும் அந்தப் பயணத்தை நானும் மனைவியும் பத்து வயது மகளும் மிகவும் ரசித்தோம் என்பது உண்மை. ஆயினும் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் இன்னும் குறைந்த செலவிலும் குறைந்த பதற்றத்திலும் முடித்திருக்கலாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களை, குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து முதன்முறை கிளம்புபவர்களை மனத்தில் வைத்து, செய்ய வேண்டியவற்றை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. எந்தப் பயணம், எந்த மாதம்

முதல் பயணத்துக்கு மூன்று அல்லது நான்கு இரவு போதும். இரண்டு இரவுப் பயணங்கள் பார்வைக்கு மலிவாகத் தெரிந்தாலும் அவை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை புறப்படுபவை. ஓர் இரவுக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் ஞாயிறு, திங்கள் கிழமைகளில் புறப்படும் மூன்று, நான்கு இரவுப் பயணங்களே பலமுறை குறைவாக வருகின்றன. சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை வரும் ஜூன், டிசம்பர் மாதங்களையும் சீனப் புத்தாண்டு வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். நம் ஊர்க் கோடை விடுமுறையில் கப்பல் கட்டணத்தைவிட விமானக் கட்டணம்தான் எகிறும். பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் காலாண்டு விடுமுறை நல்ல சமரசம்.

கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்பதைக் கட்டணத்துக்கு இணையாகப் பாருங்கள். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தால் ஊர். போர்ட் கிள்ளான் என்று போட்டிருந்தால் அதைக் கோலாலம்பூர் என்று எண்ணிவிடாதீர்கள். கப்பல் நிலையம் இருப்பது பூலாவ் இண்டாவில். அங்கிருந்து கோலாலம்பூர் செல்லச் சாலை நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வாடகைக் காரும் பிடித்தாக வேண்டும். பூக்கெட் போகும் பயணங்களில் பெரும்பாலும் கப்பல் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் கரைக்கு அழைத்துச் செல்வார்கள். அந்த வரிசையிலேயே ஒரு மணி நேரம் கரையலாம். சிக்கனக்காரர்களுக்குப் பினாங்கே சரி என்பது என் முடிவு.

பாஸ்போர்ட், விசா, விமானம் மூன்றுமே பாரமாகத் தோன்றினால், கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் மும்பையிலிருந்து கோவா, இலட்சத்தீவு பக்கம் செல்கிறது. சில பருவங்களில் சென்னையிலிருந்தும் புறப்பட்டிருக்கிறது. உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு மட்டும் செல்லும் பயணமென்றால் அரசு அடையாள அட்டை போதும்.

2. விளம்பரக் கட்டணத்தைப் பிரித்துப் படியுங்கள்

விளம்பரத்தில் வரும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கான பங்கு. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவருக்கான கட்டணத்தையும் தானே கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகச் சேர்பவருக்குக் கட்டணம் நன்றாகக் குறையும் என்பதால் குழந்தையுடன் செல்லும் குடும்பத்துக்கு இது இலாபம்.

அந்தத் தொகையின் மேல் இரண்டு செலவுகள் கட்டாயமாக ஏறும். முதலாவது துறைமுகக் கட்டணமும் வரியும். இரண்டாவது ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் கணக்கிடப்படும் டிப்ஸ் கட்டணம். பின்னதை டிப்ஸ் என்றதும் விருப்பப்பட்டால் கொடுப்பது என்று நான் நினைத்துக்கொண்டேன். அது தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் உண்டு. பெரிய நிறுவனங்களில் இரவுக்கு 18 அமெரிக்க டாலர் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஆளுக்கு இரவுக்கு 24 சிங்கப்பூர் வெள்ளி ஆனது. மூவருக்கு மூன்று இரவுக்கு 216 வெள்ளி. முன்பதிவின்போதே இதையும் சேர்த்துக் கட்டிவிடுவது நல்லது. கடைசி நாள் காலையில் அதிர்ச்சி இருக்காது.

மூவருக்குமான எங்கள் முழுக் கணக்கைத் தருகிறேன். அப்போது ஒரு வெள்ளிக்கு 66 ரூபாய் கொடுத்தேன். கப்பல் கட்டணம், துறைமுக வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து 1,606 வெள்ளி, அதாவது ஏறக்குறைய 1,06,000 ரூபாய். திருச்சி – சிங்கப்பூர் விமானம் போகவர 54,000. விசா 10,500. சிங்கப்பூரில் ஓர் இரவுத் தங்கலும் சாப்பாடும் உள்ளூர்ப் போக்குவரத்தும் 12,000. பினாங்கில் 3,000. காப்பீடு 1,800. கப்பலில் செய்த செலவும் என் கவனக்குறைவால் வந்த தொலைபேசிக் கட்டணமும் 5,000. ஆக 1,92,300 ரூபாய். கப்பலுக்குச் செலவானது பாதியைவிடச் சற்றே அதிகம் என்பதைக் கவனியுங்கள். பட்ஜெட் போடும்போது கப்பல் கட்டணத்தை இரண்டால் பெருக்கி வைத்துக்கொண்டால் ஏறத்தாழச் சரியாக வரும்.

இந்திய முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்ற வரியையும் பிடிப்பார்கள். அது செலவல்ல, உங்கள் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது ஈடாகும் அல்லது திரும்பக் கிடைக்கும். ஆனால் அதுவரை உங்கள் பணம் அங்கே முடங்கிக் கிடக்கும். கப்பல் நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகக் கட்டினால், உங்கள் வங்கி அட்டை அந்நியச் செலாவணிக்கு எத்தனை விழுக்காடு கூடுதலாக எடுக்கிறது என்று முதலில் கேளுங்கள். பல அட்டைகளில் மூன்றரை விழுக்காடு, அதன் மேல் ஜிஎஸ்டி.

3. அறையில் மிச்சம் பிடியுங்கள்

ஜன்னல் இல்லாத உட்புற அறைதான் மிகக் குறைந்த விலை. பால்கனி அறைக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்கு ஆகும். ஜன்னல் இல்லாமல் மூச்சு முட்டுமோ என்று என் மனைவி தயங்கினார். நாங்கள் அறைக்குப் போனது குளிக்கவும் தூங்கவும் மட்டுமே. கடலைப் பார்க்க மேல்தளம் முழுவதும் இருந்தது. விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் கும்மிருட்டாக இருப்பதால் கழிவறை விளக்கை எரியவிட்டுக் கதவை ஒருக்களித்து வைப்பது மட்டும் தேவைப்பட்டது.

அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் என்ற நிபந்தனையுடன் இன்னும் குறைந்த கட்டணம் ஒன்று இருக்கும். கடல் மயக்கம் வரும் என்று அஞ்சுபவர்கள் இதை எடுக்க வேண்டாம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் உள்ள அறைகளில்தான் ஆட்டம் குறைவு. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

4. பாஸ்போர்ட்டும் இனிஷியல் தொல்லையும்

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறார்களுக்கு 1,000 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் அது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். சிறார் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கே தரப்படுவதால் பிள்ளைகளுடையது சத்தமில்லாமல் காலாவதியாகியிருக்கும்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கலைச் சொல்கிறேன். நம் ஆவணங்களில் ‘க. செந்தில்குமார்’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறியிருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். எங்களுக்குப் பதிவு செய்த முகவர் ஆதார் நகலைப் பார்த்து என் இனிஷியலைக் குடும்பப் பெயராகத் தட்டிவிட்டார். பாஸ்போர்ட்டில் அங்கே என் தந்தையின் முழுப்பெயர் இருக்கிறது. விசா வந்த பிறகே இதைக் கவனித்தேன். திருத்துவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள், இரண்டு வாரம் நிம்மதியும் போயிற்று. ஆகவே கப்பல், விமானம், விசா, காப்பீடு நான்கிலும் பாஸ்போர்ட்டின் படப்பக்கத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்க வேண்டும். ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள். கேட்டாலும் பாஸ்போர்ட் நகலையே கொடுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்கள், ஒற்றைப் பெயரை அந்த விமான நிறுவனமும் கப்பல் நிறுவனமும் எப்படிப் பதிகின்றன என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள் 24ஆவது வாரத்தை எட்டியிருந்தால் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றிக்கொள்வதில்லை. அதற்குட்பட்ட காலமென்றால் மருத்துவர் சான்று தேவை. ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைகளுக்கும் பொதுவாக அனுமதியில்லை.

5. விசாவும் வருகை அட்டைகளும்

கப்பலேறும் நாளில் நீங்கள் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுகிறீர்கள். பினாங்கிலிருந்து திரும்பும்போது மீண்டும் நுழைகிறீர்கள். ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு நுழைவுகள். சிங்கப்பூர் விசா வந்ததும் அது பலமுறை நுழைவதற்கானதா என்பதை முதலில் பாருங்கள். ஒருமுறை மட்டும் என்றிருந்தால் கப்பலில் ஏற்றமாட்டார்கள். விண்ணப்பத்தின் போதே கப்பல் முன்பதிவுச் சான்றை இணைத்து, இரண்டு நுழைவு தேவைப்படுவதை முகவரிடம் சொல்லிவிடுங்கள்.

விசாவுக்கு 14ஏ படிவம், வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த 35க்கு 45 மில்லிமீட்டர் படம், பாஸ்போர்ட் நகல், விமானச் சீட்டு, தங்குமிட விவரம், வேலைச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, மறுத்தாலும் திரும்பாது. அங்கீகரிக்கப்பட்ட முகவர் தன் கூலியைத் தனியே சேர்ப்பார். நாங்கள் மூன்று வாரம் முன்பு கொடுத்தோம், ஐந்து வேலை நாளில் கிடைத்தது.

கப்பலின் மீதித் தொகையைக் கட்ட வேண்டிய கடைசி நாள், பயணத்துக்கு இரண்டரை அல்லது மூன்று மாதம் முன்பே வந்துவிடுகிறது. விசாவோ பயணத்தை ஒட்டியே எடுக்கப்படுகிறது. அதாவது விசா மறுக்கப்பட்டால் கப்பல் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். இதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை. முழுப் பணத்தையும் கட்டும் முன் ரத்துக் கட்டண அட்டவணையைத் தேதிவாரியாகக் கேட்டு வாங்குங்கள். காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணத்துக்கும் கப்பலில் பெறும் மருத்துவத்துக்கும் அது பொருந்துமா என்று பாருங்கள். கப்பலில் மருத்துவரைப் பார்ப்பதற்கு ஆகும் தொகை நம் ஊர்த் தனியார் மருத்துவமனையையே தர்மாஸ்பத்திரி ஆக்கிவிடும்.

மலேசியாவுக்கு இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை செல்லலாம். இச்சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. அதன் பிறகு செல்பவர்கள் நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேசிய மின்வருகை அட்டையை, அதாவது இணையத்தில் நிரப்பும் வருகைப் படிவத்தை, அங்கே சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் இதேபோல் மூன்று நாளுக்குள் நிரப்பும் எஸ்ஜி வருகை அட்டை உண்டு. விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது இன்னொன்று. இரண்டாவதைப் பினாங்கில் கரையில் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள், ஏனெனில் கப்பலில் இணையம் காசு. இந்த அட்டைகள் எல்லாமே இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் அரசுத் தளம்போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கின்றன. பணம் கேட்கும் பக்கம் வந்தாலே தவறான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று கொள்ளுங்கள்.

6. ஒரு நாள் முன்னதாகச் சிங்கப்பூர் சேருங்கள்

கப்பல் புறப்படும் அன்று காலை விமானத்தில் இறங்கி அப்படியே ஏறிவிடலாம் என்ற எண்ணம் சிக்கனம்போலத் தெரியும். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஓர் இரவு விடுதிச் செலவை ஒரு காப்பீடாகவே கருதுங்கள். லிட்டில் இந்தியா பகுதியில் சிறிய விடுதிகள் கிடைக்கின்றன. தேக்கா சந்தை உணவு நிலையத்தில் மூவரும் வயிறாரச் சாப்பிடலாம்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மலிவுக் கட்டணத்தில் பெட்டிக்கான எடை சேராது. விமான நிலையத்தில் கட்டினால் மும்மடங்கு ஆகும் என்பதால் சீட்டு வாங்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

கப்பல்கள் பெரும்பாலும் மரீனா பே கப்பல் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. ஹார்பர்ஃபிரண்டில் வேறொரு கப்பல் நிலையம் உண்டு. எது உங்களுடையது என்று சீட்டில் பாருங்கள். மரீனா பே நிலையத்துக்கு எம்ஆர்டி மெட்ரோ ரயிலின் சிவப்பு வழித்தடத்தில் கடைசி நிறுத்தமான மரீனா சவுத் பியரில் இறங்கிச் சற்று நடந்தால் போதும். லிட்டில் இந்தியாவிலிருந்து ஊதா வழித்தடத்தில் டோபி காட் வந்து சிவப்புக்கு மாறினோம். வங்கி அட்டையையே வாயிலில் தட்டிச் செல்லலாம். வெளிநாட்டு அட்டைக்கு நாளொன்றுக்கு 60 சிங்கப்பூர் காசு (0.60 வெள்ளி) கூடுதலாக எடுப்பார்கள், அதையும் சேர்த்தாலும் வாடகைக் காரைவிட எவ்வளவோ மலிவு.

7. இணையவழிப் பதிவும் பெட்டியும்

பயணத்துக்குச் சில வாரம் முன்பு இணையவழிப் பதிவு திறக்கும். திறந்த அன்றே செய்யுங்கள். ஏறும் நேரத்தை அதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முற்பகல் நேரத்தைப் பிடித்தால் அன்றைய மதியச் சாப்பாடே கப்பலில் ஆகிவிடும், நீங்கள் கட்டிய பணத்துக்கு ஒரு வேளை கூடுதல். பெட்டியில் கட்டும் சீட்டுகளையும் அப்போதே அச்செடுத்துக்கொள்ளுங்கள். சைவமோ ஜைன உணவோ வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிக்கச் சொல்லுங்கள். ஏறிய பின் கேட்டாலும் தருவார்கள், ஆனால் முதல் நாள் இரவு உணவு வெறும் காய்கறி வேகவைத்ததாக முடியலாம்.

மின்கெட்டில், இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ச் சுருள், சிறு குக்கர் எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். தீ அபாயம் கருதி வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் கெட்டிலுக்கு ஒரு சீட்டைக் கொடுத்துக் கடைசி நாளில்தான் திருப்பித் தந்தார்கள், அதற்கும் ஒரு வரிசை. வீட்டில் சமைத்த உணவுக்கும் அனுமதி இல்லை. என் அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரையைக் கப்பல் நிலையத்தின் இருக்கையில் உட்கார்ந்து மூவருமாகத் தின்று தீர்த்தோம். உறை பிரிக்காத தின்பண்டங்களைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். சிங்கப்பூர் சுங்கத்தைப் பொறுத்தவரை மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் வேண்டவே வேண்டாம். சிகரெட்டுக்கு வரிவிலக்கும் கிடையாது.

கப்பல் அறையில் அமெரிக்கத் தட்டைப் பிளக்கும் ஐரோப்பிய இரட்டை உருளைப் பிளக்கும் செருகும் துளைகளே பெரும்பாலும் இருக்கும். சிங்கப்பூர் விடுதியிலோ பெரிய சதுர மூன்று முனை. எல்லாவற்றுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று போதும். காலிக் குடிநீர் பாட்டில், மெல்லிய சால்வை, வழக்கமான மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் வையுங்கள். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல் செல்லும் மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியான கடல்தான். ஆயினும் கடல் மயக்கத்துக்கான மாத்திரையை உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

8. ஏறும் நாள்

பெரிய பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டால் அது அறைக்கு வந்து சேர மாலை ஆகிவிடும். ஆகவே பாஸ்போர்ட், மாத்திரை, மாற்றுடை, நீச்சல் உடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். முதல் நாள் பிற்பகலில் எல்லாரும் பெட்டிக்காகக் காத்திருக்க, நீச்சல் குளம் காலியாகக் கிடக்கும்.

பதிவு முகப்பில் கப்பல் அட்டை தருவார்கள். அதுவே அறைச் சாவி, அதுவே பணப்பை. அதோடு இணைக்க ஒரு வங்கி அட்டையைக் கேட்பார்கள். இங்கே டெபிட் அட்டையைக் கொடுக்காதீர்கள். ஒரு தொகையை முன்பிடித்தமாக நிறுத்தி வைப்பார்கள். கடன் அட்டையில் அது வெறும் வரம்புக் குறைவு, டெபிட் அட்டையிலோ உங்கள் கணக்கிலுள்ள பணமே முடங்கும். கடன் அட்டை இல்லாதவர்கள் ரொக்க முன்பணம் கட்ட முடியுமா என்று கேட்கலாம். குழந்தையின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி அங்கேயே தடுத்துவிடுங்கள். விளையாட்டுக் கூடத்தில் அட்டையைத் தட்டினாலே பணம் போகும், பிள்ளைகளுக்கு அது விளையாட்டின் ஒரு பகுதியாகவே தெரியும்.

புறப்படும் முன் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். உங்கள் கூடுமிடம் எது என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.

9. கப்பலில் எதற்குக் காசு, எதற்கு இல்லை

பெரிய உணவுக்கூடம், பஃபே, சாதாரணத் தேநீர், காப்பி, தண்ணீர், அரங்க நிகழ்ச்சிகள், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், சிறுவர் மன்றம் ஆகியவை பெரும்பாலும் கட்டணத்தில் அடங்கியவை. சிறப்பு உணவகங்கள், குளிர்பானம், மது, பழச்சாறு, மசாஜ், சூதாட்டக் கூடம், புகைப்படம், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. இரண்டுக்கும் நடுவே கோடு மங்கலாக இருக்கும் இடங்கள்தான் ஆபத்து. காலை உணவின்போது தட்டில் ஏந்தி வரும் வண்ணப் பழச்சாறு இலவசம்போலவே நீட்டப்படும். நான் எதைத் தொட்டாலும் ‘இது கட்டணத்தில் சேர்ந்ததா’ என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். அவர்கள் தயங்காமல் உண்மையைச் சொல்கிறார்கள். படம் எடுக்க நிற்கச் சொன்னால் நில்லுங்கள், வாங்கினால்தான் காசு.

அரங்க நிகழ்ச்சி இலவசமானாலும் முன்பதிவு தேவைப்படலாம். ஏறிய உடனே செய்துவிடுங்கள். பெரிய உணவுக்கூடத்தில் மூன்று பாகமாகப் பரிமாறும் இரவு உணவை விட்டுவிட்டுத் தினமும் பஃபேக்கே ஓடுபவர்களைப் பார்த்தேன். இரண்டும் ஒரே கட்டணத்தில் அடங்கியவை. உட்கார வைத்துப் பரிமாறும் உணவை ஏன் விட வேண்டும்? இந்தியப் பணியாளர்கள் இருந்தால் தயிர்ச்சோறு கேட்டுப் பாருங்கள், எங்களுக்குக் கிடைத்தது.

தொலைபேசி பற்றி மூக்கறுபட்ட அனுபவத்தில் சொல்கிறேன். கரை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் வலையில் கைபேசி தானாகவே சேர்ந்துகொள்ளும். நீங்கள் வாங்கிய வெளிநாட்டு ரோமிங் பேக்கில் அந்த வலை பெரும்பாலும் அடங்காது. நான் ஓர் அழைப்பை எடுத்துப் பேசினேன், பின்னணியில் சில செய்திகளும் இறங்கின. ஊர் திரும்பியதும் மூவாயிரத்துக்கு மேல் கட்டண ரசீது வந்தது. கப்பல் கிளம்பும் முன் விமான முறைக்கு மாற்றிவிட்டு, கரை இறங்கிய பிறகே எடுங்கள். கப்பலின் இணையத் தொகுப்பு நாளொன்றுக்கு 20 அமெரிக்க டாலர் அளவில் ஆகலாம். மூன்று இரவுக்கு அது தேவையே இல்லை. கப்பலுக்குள் அன்றைய நிகழ்ச்சி நிரலையும் கணக்கையும் காட்டும் செயலி இணையத் தொகுப்பு இல்லாமலேயே இயங்குவதுண்டு. கரையிலேயே இறக்கி வையுங்கள்.

ஒவ்வோர் இரவும் கணக்கைத் திறந்து பாருங்கள். எங்கள் கணக்கில் நாங்கள் வாங்காத இரண்டு பானங்கள் ஏறியிருந்தன. அன்றே சொன்னதால் ஐந்து நிமிடத்தில் நீக்கினார்கள்.

10. பினாங்கில் இறங்கும் நேரம்

கப்பல் விற்கும் கரைச் சுற்றுலா எங்கள் மூவருக்கும் வேண்டியிருக்கவில்லை. பிற்பகலில் இறங்கி, கரையோரமாக நடந்து, வெல்ட் கீ பக்கம் நீர்மேல் கட்டிய சீனக் குல வீடுகளைப் பார்த்தோம், நுழைவுக்குக் காசில்லை. அங்கிருந்து பினாங்கின் லிட்டில் இந்தியா நடக்கும் தூரமே. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் மாலையில் நடை திறந்த பிறகு தரிசனம், பிறகு சோற்றின் மேல் குழம்பு வகைகளை ஊற்றித் தரும் ஒரு நாசி கண்டார் கடையில் சாப்பாடு. கடைக்காரரிடம் தமிழிலேயே விலை கேட்கலாம். ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றும் இலவசப் பேருந்தும் உண்டு. பினாங்கு மலை ரயிலுக்குப் போக ஆசைப்பட்டால் வெல்ட் கீயிலிருந்து 204ஆம் எண் பேருந்து. ஆனால் மலையடிவார வரிசையையும் திரும்பும் நெரிசலையும் கணக்கிட்டால் ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் அதை விட்டுவிடலாம்.

கப்பல் புறப்படும் நேரம் வேறு, அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. பின்னது அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கும். நீங்களாகச் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் விட்டுவிட்டுப் போகும், அடுத்த ஊர் வரை உங்கள் செலவு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம் என்பதால் பினாங்கில் குழப்பமில்லை. தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னே. கைபேசி அங்கே தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறியிருக்காது. அங்கே செல்பவர்கள் கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது கப்பல் அட்டையோடு பாஸ்போர்ட்டும் வேண்டுமா, நகல் போதுமா என்று முந்தைய இரவே கேட்டுக்கொள்ளுங்கள். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்திருப்பார்கள்.

11. இறங்கும் காலை

கடைசி இரவு பெட்டியை அறை வாசலில் வைத்துவிட்டால் கரையில் எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்பவர்கள் மறுநாள் உடையையும் பாஸ்போர்ட்டையும் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள். எங்கள் தளத்தில் ஒருவர் இரவு உடையோடு காலை உணவுக்கு வந்தார். பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்கினால் முதல் ஆட்களாக வெளியேறலாம். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுபான வரிவிலக்கு கிடையாது என்பதால் கப்பல் கடையில் புட்டி வாங்குவதற்கு முன் யோசியுங்கள். கப்பல் காலை ஏழு மணிக்குத் துறையைத் தொட்டாலும் குடிநுழைவு (இமிக்ரேஷன்) வரிசை முடிய இரண்டு மணி நேரம் ஆகலாம். திரும்பும் விமானம் பிற்பகல் இரண்டுக்குப் பிறகு இருக்கட்டும்.

இறங்கும் முன் இறுதிக் கணக்குத் தாளை முகப்பில் கேட்டு வாங்கி, ஊர் திரும்பியபின் வங்கி அட்டைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பிடித்தமாக நிறுத்திய தொகை விடுவிக்கப்பட இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். ஒரு மாதம் கடந்தும் வரவில்லையென்றால் அந்தத் தாளின் நகலோடு வங்கிக்கு எழுதுங்கள்.